கம்பியை எண்ணிவிட்டு முட்டையை வையுங்கள்

தருமபுரியில் சாயங்கால நேரம் தள்ளுவண்டியில் தட்டுவடை செட் போடுகிறேன். இரண்டு தட்டுவடைக்கு நடுவில் துருவிய பீட்ரூட், கேரட், வெங்காயம், சட்னி, அதோடு வட்டமாக ஒரு துண்டு அவித்த முட்டை. அந்த வட்டம் கத்தியில் சரியாக வராது. மஞ்சள் கரு கத்தியோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். என் அம்மா தையல் நூலின் ஒரு முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு அறுப்பார். நானும் அப்படித்தான் அறுத்தேன், அழகாக வந்தது. வண்டிக்கு முன்னால் நின்றவர்தான் முகம் சுளித்தார். மறுநாளே பாத்திரக்கடைக்குப் போய், மெல்லிய கம்பிகளை வரிசையாக இழுத்துக் கட்டிய முட்டை கட்டர் வாங்கிவிட்டேன்.

கடையிலேயே ஒவ்வொரு கம்பியையும் நகத்தால் சுண்டிப் பாருங்கள். வீணைக் கம்பி மாதிரி 'டிங்' என்றால் எடுங்கள். தொய்ந்த கம்பி முட்டையை அறுக்காது, நசுக்கும்.

எங்களுக்கு வருவது நாமக்கல் முட்டை. புதுசாக வந்ததை அன்றே அவித்தால் உரிக்கும்போது தோலோடு வெள்ளையும் பிய்ந்து வரும். நான்கைந்து நாள் ஆனால் ஓட்டுத் துளை வழியாகக் கரியமில வாயு கொஞ்சம் வெளியேறி, சவ்வின் பிடி தளர்ந்துவிடும். கொதிக்கிற தண்ணீரில் 11 நிமிடம் எனக்குக் கணக்கு. ஓசூரில் இருக்கும் தங்கை 12 வைக்கிறாள். அந்த ஊர் கிட்டத்தட்ட 900 மீட்டர் உயரம், தண்ணீர் 97 டிகிரி வாக்கிலேயே கொதித்துவிடும். ரொம்ப நேரம் விட்டால் மஞ்சளைச் சுற்றிப் பச்சை வளையம் கட்டும். சாப்பிட ஒன்றும் செய்யாது, பார்க்கத்தான் பழசு மாதிரி இருக்கும்.

அவித்ததும் பச்சைத் தண்ணீரில் போட்டு, கூர்முனைக்கு எதிர்ப்பக்கத்தில் தட்டி உரியுங்கள். காற்று இருக்கும் பக்கம் அது. உரித்தபின் நன்றாக ஆற வேண்டும், இதில் மட்டும் அவசரம் கூடாது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டத்தைப் பார்த்துப் பதறி, சூட்டோடு வைத்து அமுக்கினேன். மஞ்சள் கம்பியில் அப்பிக்கொண்டது. இன்னும் அழுத்தினேன், ஒரு கம்பி அறுந்தது. அறுந்த நுனி எந்த முட்டைக்குள் போனதென்று தெரியவில்லை. வெட்டி வைத்திருந்த ஆறையும் குப்பையில் கொட்டினேன். அன்றிலிருந்து தினமும் கம்பியை எண்ணிவிட்டுத்தான் கடை திறக்கிறேன்.

வெட்டுவது ஒரு நொடி வேலை. கம்பியை ஈரத்துணியால் துடைத்து, முட்டையைப் படுக்கவைத்து, ஒரே அமுக்கு. ரம்பம் மாதிரி முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள். பொடியாக வேண்டுமென்றால் துண்டுகள் கலையாமல் பிடித்துத் திருப்பி வைத்து இன்னொரு அமுக்கு. உடனே கழுவிவிடுங்கள். மஞ்சள் காய்ந்தால் பழைய டூத் பிரஷ்தான் கதி, கம்பி நார் போட்டால் கட்டர் போய்விடும்.

இரண்டு ஓரத்திலும் மஞ்சள் இல்லாத வெள்ளைத் துண்டு விழும். அதை செட்டில் வைத்தால் "என்னக்கா, கரு எங்கே?" என்பார்கள். நான் மிளகுத்தூள் தூவி, தட்டுவடையை நொறுக்கிக் கலந்து தரும் நொறுக்கலில் போட்டுவிடுவேன்.