குரோஷே பழகுவோருக்கு: ஓரம் கோணாத முதல் சதுரம்

பின்னல் வேலையை இரட்டை ஊசியில் தொடங்குவதா, ஒற்றைக் கொக்கி ஊசியால் பின்னும் குரோஷேவில் தொடங்குவதா என்று கேட்டால், குரோஷேவையே சொல்வேன். இரட்டை ஊசியில் ஒரு வரிசையின் கண்ணிகள் அனைத்தும் ஊசியிலேயே நிற்பதால், ஒன்று நழுவினாலும் கீழ்வரிசைகள் வரை பிரிந்து இறங்கிவிடும். குரோஷேவில் ஒரு தையலை முடித்தபின் கொக்கியில் எஞ்சுவது ஒரே கண்ணிதான் என்பதால், தவறிய இடம் வரை பிரித்துவிட்டு மறுபடி போடுவது எளிது.

நடுத்தரப் பருமனுள்ள, முறுக்கு நன்றாக உள்ள, வெளிர் நிற உல்லன் நூலும் 5 மி.மீ. கொக்கி ஊசியும் போதும். கறுப்பு நூலும் புசுபுசுவென்ற நூலும் கடையில் கண்ணைக் கவரும். ஆனால் அவற்றில் கண்ணி எங்கே இருக்கிறதென்றே தெரியாது.

நூலின் நுனியில் ஒரு சாண் விட்டுச் சுருக்கு முடிச்சிட்டு, அதைக் கொக்கியில் மாட்டிக்கொள்ளுங்கள். பந்திலிருந்து வரும் நூலை இடக்கைச் சுண்டுவிரலில் ஒரு சுற்றுச் சுற்றி, ஆள்காட்டி விரலின் மேல் ஓடவிடுங்கள். நூலைக் கொக்கியால் பிடித்துக் கண்ணி வழியே இழுத்தால் ஒரு சங்கிலி. இவ்வாறு 16 சங்கிலிகள் போடுங்கள். முடிச்சையும் கொக்கியில் உள்ள கண்ணியையும் கணக்கில் சேர்க்கக் கூடாது. சங்கிலி இறுகிப்போய்க் கொக்கி நுழைய மறுத்தால், கண்ணியைக் கொக்கியின் ஒடுங்கிய கழுத்தில் விட்டுவிடுகிறீர்கள் என்று பொருள். கழுத்துக்குக் கீழே, தண்டு முழுப் பருமனாக இருக்கும் இடம் வரை கண்ணியைக் கொண்டுவந்தால் எல்லாக் கண்ணிகளும் ஒரே அளவில் அமையும்.

இனி, கொக்கியிலிருந்து இரண்டாவது சங்கிலியில் ஊசியை நுழைத்து நூலை இழுத்தால் கொக்கியில் இரண்டு கண்ணிகள் நிற்கும். மறுபடி நூலைப் பிடித்து அவ்விரண்டின் வழியாகவும் இழுத்துவிட்டால் ஒரு தையல் முடிந்தது. கடைசிச் சங்கிலி வரை போட்டால் 15 தையல்கள் வரும்.

ஓரம் கோணுவது திரும்பும் இடத்தில்தான். ஒரு சங்கிலி போட்டு, துணியைத் திருப்பி, முந்தைய வரிசையின் கடைசித் தையலிலேயே புதிய வரிசையின் முதல் தையலைப் போட வேண்டும்; திரும்பப் போட்ட சங்கிலி தையலாகாது. அதைத் தையலென்று எண்ணி அதில் ஊசியை விட்டால் அகலம் கூடும். வரிசையின் இறுதித் தையலைக் கவனியாமல் திரும்பினால் குறையும். ஒவ்வொரு வரிசையின் முதல் தையலிலும் ஒரு ஊக்கைக் குத்தி வைத்தால், திரும்பி வரும்போது எங்கே முடிக்க வேண்டும் என்பது தெரிந்துவிடும். அப்படியும் 15 வருகிறதா என்று வரிசைதோறும் எண்ணத்தான் வேண்டும். சலிப்பான வேலைதான், ஆனால் பத்து வரிசையைப் பிரிப்பது அதைவிடச் சலிப்பானது.

மூலைவிட்டமாக மடித்தால் ஓரங்கள் ஒன்றோடொன்று பொருந்தும் உயரம் வந்ததும், 15 செ.மீ. நூல் விட்டு நறுக்கி, நுனியைக் கடைசிக் கண்ணி வழியே இழுத்து இறுக்குங்கள். மிஞ்சிய நூலை ஒட்ட வெட்டிவிடாமல், பெரிய காதுள்ள மொட்டை ஊசியில் கோத்துத் தையல்களுக்கிடையே ஒரு திசையில் செலுத்தி, பிறகு எதிர்த்திசையில் திருப்பி ஓட்டினால், துவைத்தாலும் எளிதில் பிரியாது.

அடுத்ததாக ஒரு வடிவக் குறிப்பைப் பார்த்துப் பின்னப் போகிறீர்கள் என்றால், அது அமெரிக்க முறையா பிரிட்டிஷ் முறையா என்பதை முதலில் பாருங்கள். நீங்கள் இப்போது போட்ட தையல் அமெரிக்கக் குறிப்புகளில் சிங்கிள் குரோஷே, பிரிட்டிஷ் குறிப்புகளில் டபுள் குரோஷே. குறிப்பில் எங்காவது சிங்கிள் குரோஷே என்று வந்தால் அது பெரும்பாலும் அமெரிக்க முறைதான்.