டூ-வே அனோவா டேபிள கீழ இருந்து மேல படிங்க

டூ-வே அனோவாங்கறது ரெண்டு காரணம் சேர்ந்து விளைச்சல எப்படி மாத்துதுன்னு பாக்குற கணக்கு. பர்மாவுல பெகு பக்கம் நெல்லு அறுத்த கையோட அந்த மண்ணு ஈரத்துலயே உளுந்து வெதைச்சிடுவாங்க இல்லையா, அந்த உளுந்தையே எடுத்துக்குவோம். ரெண்டு ரகம், ஏ, பி. வெதையில ரைசோபியம், அதாவது வேர் முடிச்சுல தழைச்சத்து பிடிச்சு குடுக்குற நுண்ணுயிர், கலந்தது, கலக்காதது. ஆக நாலு கூட்டு, ஒவ்வொண்ணுக்கும் 5 பாத்தி, மொத்தம் 20. நம்பரெல்லாம் புரியறதுக்காக நானா போட்டது.

ஏக்கருக்கு கூடை கணக்குல சராசரி, ஏ ரகம் கலக்காம 12, கலந்தும் 12. பி ரகம் கலக்காம 10, கலந்தா 16.

கம்ப்யூட்டர் டேபிள் குடுத்ததும் எல்லாரும் முதல் வரிய பாக்குறாங்க. ரகம், எஃப் (அந்த காரணத்தால வந்த வித்தியாசம் தற்செயல் வித்தியாசத்துக்கு எத்தனை மடங்கு) 2, பி வேல்யூ (காரணமே இல்லாம தற்செயலா இவ்வளவோ மேலயோ வர வாய்ப்பு) 0.18, உடனே "எந்த ரகம் போட்டாலும் ஒண்ணுதான்"னு எழுதிடுறாங்க. அடுத்த வரி ரைசோபியம், எஃப் 18, பி வேல்யூ 0.001க்கும் கீழ, "கலந்தா 3 கூடை கூடும்"னு இன்னொரு வரி. ரெண்டுமே தப்பு தம்பி. அந்த 3 கூடைங்கறது பூஜ்யத்தையும் ஆறையும் கூட்டி ரெண்டால வகுத்தது, ஏ ரகம் போட்டவரு இத நம்பி ரைசோபியம் வாங்குனா காசு போச்சு, ஒரு கூடை கூட அதிகமாகாது.

அதனால முதல்ல இன்டராக்‌ஷன் வரிக்கு போங்க, ரெசிடுவல் (ஒரே கூட்டுக்குள்ள பாத்திக்கு பாத்தி வர்ற தற்செயல் வித்தியாசம்) வரிக்கு நேர் மேல இருக்கும். இங்க அதுவும் எஃப் 18, டிகிரி ஆஃப் ஃப்ரீடம் 1, 16. அதாவது ரைசோபியம் என்ன செய்யும்ங்கறது எந்த ரகம்ங்கறத பொறுத்தது. இது வந்துட்டா மேல உள்ள ரெண்டு வரியையும் தனியா வச்சு பேசாதீங்க.

கட்டம் போட்ட பேப்பர்ல நாலு புள்ளி வச்சு கோடு இழுங்க. ஏ கோடு படுத்தே கெடக்கும், பி கோடு கீழ இருந்து கெளம்பி அத வெட்டிட்டு மேல ஏறும். ரகம் வரி ஏன் சின்னதா வந்துச்சுன்னு அப்ப கண்ணுக்கே தெரியும், ஒரு பக்கம் ஏ 2 கூடை முன்ன, மறு பக்கம் பி 4 கூடை முன்ன, சராசரியில ஒண்ண ஒண்ணு தின்னுடுது. 1923லயே ரோதம்ஸ்டெட்ல ஃபிஷரும் மெக்கென்ஸியும் உருளைக்கிழங்குல ரகம், உரம் ரெண்டையும் சேர்த்து வச்சு கேட்டது இதே கேள்விதான்.

அடுத்து ஒவ்வொரு ரகத்துக்குள்ளயும் தனித்தனியா பாருங்க. ரெசிடுவல் மீன் ஸ்கொயர் 2.5, அத 2 ஆல பெருக்கி 5 ஆல வகுத்து ரூட் எடுத்தா 1, டி டேபிள்ல 16 டிகிரி ஆஃப் ஃப்ரீடமுக்கு 5 சதவீத அளவுல 2.12, ஆக ரெண்டு சராசரிக்கு நடுவுல 2.12 கூடைக்கு மேல இருந்தாதான் வித்தியாசம்னு சொல்லலாம். பி ரகத்துல 6, தாராளமா தாண்டுது. கலந்த பாத்தியில ரெண்டு ரகத்துக்கும் 4, அதுவும் தாண்டுது. கலக்காததுல 2 தான், ஏ நல்லதுன்னு அடிச்சு சொல்ல முடியாது, அதுக்காக ரெண்டும் சமம்னும் எழுதிடாதீங்க.

இன்டராக்‌ஷன் ஒண்ணும் இல்லன்னா மேல் வரிங்கள நேரா படிக்கலாம். மாடு மேஞ்சு ஏதாவது பாத்தி போயிருந்தா எண்ணிக்கை சமமா இருக்காது, அப்ப டைப் 1, டைப் 3ன்னு வித்தியாசத்த காரணங்களுக்கு பிரிக்கிற ரெண்டு முறையும் வேற வேற விடை குடுக்கும், எத எடுத்தீங்கன்னு சொல்லிடணும். ரிப்போர்ட்ல எஃப், பி வேல்யூ மட்டும் போட்டு நிறுத்தாம அந்த நாலு சராசரியையும் கூடை கணக்குலயே போடுங்க, வெதைக்கிறவரு தேடுறது அதத்தான்.