தோற்கும் அணியில் யாரை மாற்றுவது: பயிற்சியாளரையா, குவாட்டர்பேக்கையா?

அமெரிக்கக் கால்பந்துத் தொடரான என்.எஃப்.எல்.இல் ஓர் அணி அடுத்தடுத்து நான்கைந்து ஆட்டங்களில் தோற்றுவிட்டால் ரசிகர்களிடையே இரண்டு குரல்கள் எழுகின்றன. பயிற்சியாளரை அனுப்ப வேண்டும் என்கிறது ஒன்று; பந்தை வீசித் தாக்குதலை நடத்தும் குவாட்டர்பேக்கை மாற்ற வேண்டும் என்கிறது மற்றொன்று. இரண்டையும் தனித்தனிக் கேள்விகளாக எடுத்துக்கொண்டு வாதிடுவதால்தான் அந்த விவாதங்கள் பெரும்பாலும் எங்கும் போய்ச் சேருவதில்லை. குவாட்டர்பேக் எப்படி ஆடுகிறார் என்பதில் பாதி, அவரை ஆட வைப்பவர் யார் என்பதில் அடங்கியிருக்கிறது. ஆகவே எதை முதலில் ஆராய்வது, எதைப் பிறகு ஆராய்வது என்ற வரிசை முக்கியமானது. அந்த வரிசையை 2024ஆம் ஆண்டின் சிகாகோ பேர்ஸ் அணியை வைத்து விளக்குகிறேன். ஓர் அணியில் கெட்டுப்போகக்கூடிய அனேகமாக எல்லாமே அந்த ஒரே பருவத்தில் அங்கே கெட்டுப்போயின.

முதல் வேலை, தோல்விகளைப் பிரித்துப் பார்ப்பது. பேர்ஸ் அந்தப் பருவத்தை 5 வெற்றி, 12 தோல்வி என்று முடித்தது. ஆனால் தொடக்கத்தில் அதன் கணக்கு 4 வெற்றி, 2 தோல்வி. அக்டோபர் 27 அன்று வாஷிங்டனில் ஆட்டத்தின் கடைசிப் பந்தில், கடைசி நம்பிக்கையாக நெடுந்தூரம் வீசப்பட்ட ஒரு ‘ஹெய்ல் மேரி’ பந்து டச்டவுனாக (கோல் பகுதியில் பிடிக்கப்பட்டு 6 புள்ளியாக) மாறியதால் தோற்றது. அதிலிருந்து தொடர்ச்சியாக 10 ஆட்டங்கள் கைநழுவின. நவம்பரில் மட்டும் பேக்கர்ஸிடம் 20-19, வைக்கிங்ஸிடம் கூடுதல் நேரத்தில் 30-27, லயன்ஸிடம் 23-20 என்று அடுத்தடுத்து மூன்று தோல்விகள். மூன்றிலும் சேர்த்து வித்தியாசம் 7 புள்ளிகள்தான். இப்படி மயிரிழையில் போகும் தோல்விகள் அடுத்த பருவத்தில் வெற்றிகளாக மாறுவதும் உண்டு என்பதால், தோல்விகளின் எண்ணிக்கையை மட்டும் வைத்துப் பயிற்சியாளரைக் குற்றம்சாட்டக் கூடாது. அந்த ஆட்டங்களின் கடைசி இரண்டு நிமிடங்களை ஆற அமரப் பாருங்கள். ஒரே வகையான குழப்பம் திரும்பத் திரும்ப வந்தால் அதைத் துரதிர்ஷ்டம் என்று சொல்ல முடியாது.

லயன்ஸுக்கு எதிரான தேங்க்ஸ்கிவிங் நாள் ஆட்டம் இதற்குத் தெளிவான சான்று. பேர்ஸ் 3 புள்ளிகள் பின்தங்கியிருந்தது. பந்து எதிரணியின் பகுதியில் இருந்தது. கடிகாரத்தை நிறுத்தும் உரிமையான டைம் அவுட் ஒன்றும் கையில் மீதமிருந்தது. ஏறத்தாழ அரை நிமிடம் இருக்கும்போது குவாட்டர்பேக் காலேப் வில்லியம்ஸ் பந்தோடு வீழ்த்தப்பட்டார். அந்த நொடியிலேயே டைம் அவுட் கேட்டிருந்தால் இன்னும் சில யார்டுகள் முன்னேறி, பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து 3 புள்ளி பெறும் ஃபீல்டு கோல் அடித்துச் சமன் செய்ய வாய்ப்பு இருந்தது. யாரும் கேட்கவில்லை. வீரர்கள் எழுந்து வரிசைக்கு வருவதற்குள் கடிகாரம் ஓடிக்கொண்டே இருந்தது. சுமார் 6 நொடிகள் இருக்கையில்தான் பந்து ஆட்டத்துக்கு வந்தது. நீளமாக வீசப்பட்ட பந்து தரையில் விழுந்தது. டைம் அவுட் கடைசிவரை பயன்படுத்தப்படவேயில்லை. முதலாண்டு வீரர் ஒருவர் அவ்வளவு நெருக்கடியில் தடுமாறுவது இயல்பு. அவருக்காக நேரத்தை நிறுத்தும் பொறுப்பு எல்லைக்கோட்டில் நிற்கும் தலைமைப் பயிற்சியாளருடையது. மறுநாளே மேட் எபர்ஃப்ளூஸ் நீக்கப்பட்டார். 1920இல் தொடங்கிய அந்த அணியின் வரலாற்றில், பருவத்தின் நடுவே தலைமைப் பயிற்சியாளர் நீக்கப்பட்டது அதுவே முதல் முறை. அந்த முடிவு நியாயமானது என்றே நான் கருதுகிறேன்.

அடுத்து, குவாட்டர்பேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசுவதற்கு முன்பு அவருக்கு முன்னால் நின்று காக்கும் ஆஃபென்சிவ் லைனைப் பாருங்கள். வில்லியம்ஸ் அந்த ஆண்டு 68 முறை சாக் செய்யப்பட்டார், அதாவது பந்தை வீசுமுன்பே வீழ்த்தப்பட்டார். இந்த எண்ணை வைத்து ‘லைன் மோசம்’ என்று ஒரு தரப்பும், ‘பந்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு நிற்கிறார்’ என்று மறு தரப்பும் சண்டையிட்டன. இரண்டிலும் உண்மை இருந்தது. எது எவ்வளவு என்று அறிய ஓர் எளிய வழி உண்டு. ஒவ்வொரு சாக்கையும் மறுபடி ஓட்டி, பந்து அவர் கைக்கு வந்த நொடியிலிருந்து எண்ணிப் பாருங்கள். இரண்டரை நொடிக்குள் எதிராளி அவர் மேல் வந்து விழுந்தால் பழி பெரும்பாலும் லைனையோ, கூடுதல் ஆட்கள் பாய்ந்து வருவதை எதிர்பார்க்காத திட்டத்தையோ சேரும். மூன்றரை நொடிக்கு மேல் போனால், மைதானம் முழுவதையும் உயரத்திலிருந்து காட்டும் காட்சியில் பந்தைப் பிடிக்க ஓடும் ரிசீவர்கள் எங்கே இருந்தார்கள் என்று தேடுங்கள். ஒருவர் தனித்து நின்றும் பந்து போகவில்லையென்றால் அது குவாட்டர்பேக்கின் குறை. ஒருவருமே தனித்து நிற்கவில்லையென்றால் ஆட்டத்தை வகுத்தவரின் குறை. ஒரே ஓர் ஆட்டத்துக்கு இப்படிச் செய்து பார்த்தாலே போதும், அதன் பிறகு விவாதத்தில் நீங்கள் பேசுவது வேறு தரத்தில் இருக்கும்.

மூன்றாவதாக, ஆட்டங்களை அழைப்பவர், அதாவது ஒவ்வொரு முறையும் எந்தத் திட்டத்தை ஆடுவது என்று சொல்பவர், யார் என்று கேளுங்கள். எபர்ஃப்ளூஸ் தற்காப்பு ஆட்டத்தில் தேர்ந்தவர். தாக்குதலை ஒருங்கிணைப்பாளர் ஷேன் வால்ட்ரனிடம் விட்டிருந்தார். நவம்பரில் முதலில் வால்ட்ரன் நீக்கப்பட்டு அந்தப் பொறுப்பு தாமஸ் பிரவுனிடம் போனது. மாத முடிவில் அதே பிரவுன் இடைக்காலத் தலைமைப் பயிற்சியாளரும் ஆனார். தற்காப்புப் பயிற்சியாளரின் கீழ் இளம் குவாட்டர்பேக் வளரவே முடியாது என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்த அமைப்பில் ஒரு சிக்கல் இருக்கிறது: ஒருங்கிணைப்பாளர் சரியில்லையென்றால் அவரை அணியே நீக்கிவிடும், மிகச் சிறப்பாகச் செய்தாலோ வேறோர் அணி அவரைத் தலைமைப் பயிற்சியாளராக்கிக் கூட்டிப் போய்விடும். எப்படியும் அந்த இளைஞர் ஓராண்டிலோ ஈராண்டிலோ புதிய பாடத்தைத் தொடங்க வேண்டியிருக்கும். புதிய வீரர்களை அணிகள், மோசமாக ஆடிய அணியில் தொடங்கி, முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் 2005இல் முதலாவதாக எடுக்கப்பட்ட அலெக்ஸ் ஸ்மித்துக்கு 49ers அணியில் அனேகமாக ஆண்டுக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் மாறினார். தோல்வியுற்றவர் என்றே அவரைப் பலர் முத்திரை குத்திவிட்டார்கள். 2011இல் ஜிம் ஹார்பா பயிற்சியாளராக வந்ததும் அதே ஸ்மித்தோடு அணி 13-3 (13 வெற்றி, 3 தோல்வி) என்று ஆடியது. குவாட்டர்பேக் ஜாரெட் காஃப் கதை இன்னும் தெளிவானது. ஜெஃப் ஃபிஷர் பருவத்தின் நடுவே நீக்கப்பட்ட 2016இல், ராம்ஸ் அணியில் அவர் தொடங்கி ஆடிய 7 ஆட்டங்களிலும் தோல்வி. மறு ஆண்டு ஷான் மெக்வே பயிற்சியாளராக வந்தார். அணி 11-5 என்று உயர்ந்தது, அதற்கடுத்த பருவத்தில் இறுதிப் போட்டியான சூப்பர் பவுல் வரை சென்றது. ஆகவே ஒருவரின் முதலாண்டை மட்டும் பார்த்து ‘இவரால் ஆகாது’ என்று எழுதிவிடாதீர்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு குவாட்டர்பேக் வாய்ப்புகளுக்கு வரலாம். இங்கே பணக் கணக்கைத் தவிர்க்க முடியாது. 2024இல் ஓர் அணி தன் வீரர்களுக்குச் செலவிடக்கூடிய சம்பள உச்சவரம்பு 25.54 கோடி டாலர். முதல் சுற்றில் எடுக்கப்படும் வீரரின் ஒப்பந்தம் நான்கு ஆண்டுகளுக்கானது. ஐந்தாம் ஆண்டை நீட்டிக்கும் உரிமை அணிக்கு உண்டு. வில்லியம்ஸுக்கு நான்கு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 4 கோடி டாலர். அதே 2024இல் மூத்த குவாட்டர்பேக் டாக் பிரெஸ்காட்டுக்கு ஆண்டுக்கே 6 கோடி என்று டாலஸ் அணி கையெழுத்திட்டது. இந்த வித்தியாசத்தில் மிஞ்சும் பணத்தைக் கொண்டுதான் லைனையும் தற்காப்பையும் கட்ட முடியும். எனவே இளம் குவாட்டர்பேக் இருக்கும் அணி தவறான பயிற்சியாளரோடு கழிக்கும் ஒவ்வோர் ஆண்டும் பெரும் இழப்பு.

பேர் பெற்ற மூத்த வீரரை வாங்கிவிடலாம் என்ற யோசனை எப்போதும் கவர்ச்சியாக இருக்கும். டென்வர் பிராங்கோஸ் 2022இல் ரசல் வில்சனுக்காக இரண்டு முதல் சுற்று, இரண்டு இரண்டாம் சுற்றுத் தேர்வுகளைக் கொடுத்து, 24.5 கோடி டாலர் ஒப்பந்த நீட்டிப்பும் அளித்தது. பயிற்சியாளர் நத்தானியல் ஹாக்கெட் 15 ஆட்டங்களில் வெளியேற்றப்பட்டார். 2024 மார்ச்சில் வில்சனும் விடுவிக்கப்பட்டார். ஆடாத வீரருக்காக 8.5 கோடி டாலர் அணியின் கணக்கில் நின்றது. மாறாக, பிறர் கைவிட்டவரைக் குறைந்த விலையில் ஓராண்டுக்கு எடுப்பது எனக்குப் பிடித்த வழி. பேக்கர் மேஃபீல்டு 2023இல் டாம்பா பேயில் அப்படித்தான் எழுந்தார். 2024இல் சாம் டார்னால்டோடு வைக்கிங்ஸ் 14-3 என்று முடித்தது. பொருந்தாவிட்டால் ஓராண்டோடு முடிந்துவிடும், இழப்பு சிறியது. இளைஞரைச் சில வாரங்கள் உட்கார வைப்பதையும் தண்டனையாகவே எண்ண வேண்டியதில்லை. 2024இல் கரோலினா பாந்தர்ஸ் இரண்டே ஆட்டங்களில் பிரைஸ் யங்கை நிறுத்தி ஆண்டி டால்டனை ஆட வைத்தது. திரும்பி வந்தபோது யங் முன்பைவிடத் தெளிவாக ஆடினார்.

பருவத்தின் நடுவே பயிற்சியாளரை நீக்குவதால் புதியவர் உடனே கிடைத்துவிட மாட்டார். மற்ற அணிகளில் பணியிலிருப்பவர்களுடன் வழக்கமான பருவம் முடியும் வரை நேர்காணல் நடத்த இயலாது. இடைக்காலப் பயிற்சியாளர் சில ஆட்டங்களை வென்றதும் அவரையே நிலையாக்குங்கள் என்று முழங்குவதும் ஆபத்து. ரெய்டர்ஸ் அணியின் அன்டோனியோ பியர்ஸ் 2023இல் இடைக்காலத்தில் 5-4 என்று ஆடி நிலையான பதவி பெற்றார். மறு ஆண்டு 4-13 என்று முடிந்து நீக்கப்பட்டார். நல்ல டிராஃப்ட் இடத்துக்காகத் தோற்கட்டும் என்போருக்கு ஒன்று சொல்வேன்: வில்லியம்ஸை எடுத்த முதல் தேர்வு பேர்ஸுக்குத் தன் தோல்வியால் கிடைக்கவில்லை, 2023இல் பாந்தர்ஸுடன் செய்த பேரத்தால் கிடைத்தது.

புதிய பயிற்சியாளரை மதிப்பிடும்போது அவர் பெயரோடு என்னென்ன வருகின்றன என்று பாருங்கள். 2025 ஜனவரியில் பேர்ஸ், லயன்ஸின் தாக்குதல் ஒருங்கிணைப்பாளராக இருந்த பென் ஜான்சனை எடுத்தது. ஆட்டங்களை அவரே அழைப்பவர், பின்னர் லயன்ஸுக்கு மாறிய காஃப் மீண்டும் தலைநிமிர உதவியவர். அத்தோடு நிற்காமல், அந்த வசந்தத்திலேயே ஜோ தூனி, ஜோனா ஜாக்சன், ட்ரூ டால்மன் ஆகிய மூவரை லைனின் நடுப்பகுதிக்குக் கொண்டுவந்தது. குவாட்டர்பேக் மாறவில்லை. சாக் எண்ணிக்கை 68இலிருந்து 24 ஆகக் குறைந்தது. அணி 11-6 என்று முடித்துத் தன் பிரிவை வென்றது. உங்கள் அணியும் புதியவரை எடுத்தால் முதல் ஆறு ஆட்டங்களில் வெற்றிக் கணக்கை ஒதுக்கிவிட்டு மூன்றை மட்டும் குறித்து வாருங்கள்: இரண்டரை நொடிக்குள் விழும் சாக்குகள், பந்து ஆட்டத்துக்கு வருமுன்பே நேரும் தண்டனைகள், ஒவ்வொரு பாதியின் கடைசி இரண்டு நிமிடங்களில் டைம் அவுட்கள் செலவான விதம்.