பர்மியப் படை அதிகாரி ஒருவரின் வாழ்க்கையைத் தேடி எழுதுவது எப்படி?

ரங்கூனை அடுத்த இன்செயின் ரயில்வே பட்டறையில் வேலை பார்த்த தாத்தாவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், ரங்கூன் தமிழ்க் குடும்பங்களில் ‘கரேன் சண்டை’ என்ற சொல் எப்படியும் வந்துவிடும்; 1949இல் கரேன் இனத்தவர் பர்மிய அரசை எதிர்த்து எழுந்த கிளர்ச்சி அது. அந்தச் சண்டையை நடத்திய அதிகாரிகள் யார், பிறகு என்ன ஆனார்கள் என்று குடும்ப வரலாறு எழுத முனையும் இளையவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

முதலில் பெயரைச் சரிபாருங்கள். பர்மியருக்குக் குடும்பப் பெயர் கிடையாது; ‘போ’ என்பது பெயரின் பகுதியன்று, அதிகாரிக்குரிய பட்டம். தின் ஊ என்ற பெயரில் மட்டும் மூன்று தளபதிகள் உண்டு: 1976இல் நீக்கப்பட்ட தலைமைத் தளபதி ஒருவர், 1983இல் வீழ்ந்த உளவுத் துறைத் தலைவர் ஒருவர், 2001இல் ஹெலிகாப்டர் விபத்தில் இறந்த இராணுவ ஆட்சிக் குழுவின் செயலர் ஒருவர். இவர்களை ஒருவராக்கி எழுதப்பட்ட கட்டுரையை நானே படித்திருக்கிறேன். எனவே ஒவ்வொரு பெயரையும் பர்மிய எழுத்தில் குறித்து, அருகில் பதவியையும் ஆண்டையும் எழுதி வையுங்கள். தமிழ் எழுத்துப்பெயர்ப்பை மட்டும் நம்பினால் தடுமாறுவீர்கள்.

அடுத்து, அவர் எந்தப் பட்டாலியனைச் சேர்ந்தவர், எந்த இனத்தவர், கரேன் சண்டை மூண்ட 1949 ஜனவரி இறுதியில் எங்கே இருந்தார் என்ற மூன்றையும் கண்டுபிடியுங்கள். என் கருத்தில், அவருடைய பிற்கால வாழ்க்கையில் பாதி இந்த மூன்று விடைகளிலேயே அடங்கிவிடும். ஆங்கிலேயர் விட்டுச் சென்ற படையில் கரேன், கச்சின், சின் என இனவாரியாகப் பட்டாலியன்கள் இருந்தன. 1948 ஜனவரி 4இல் சுதந்திரம் வந்து சில மாதங்களுக்குள் கம்யூனிஸ்டுகள் ஆயுதம் ஏந்தினார்கள், அவ்வாண்டு ஆகஸ்டில் பர்மா ரைபிள்ஸ் என்ற காலாட்படைப் பிரிவின் பட்டாலியன்கள் சில கலகம் செய்தன, அடுத்து கரேன் படையினரும் பிரிந்தார்கள். அப்போது தலைமைத் தளபதியாக இருந்த ஸ்மித் டன் ஒரு கரேன். அவர் கிளர்ச்சியில் சேரவில்லை. ஆனாலும் இன்செயினில் போர் மூண்டதுமே பொறுப்பிலிருந்து விலக்கப்பட்டு, அந்த இடம் நே வினுக்குப் போயிற்று. 1962இல் ஆட்சியையே பிடித்து, 1964இல் நம்மவர் கடைகளையும் அரசுடைமையாக்கியவர் இதே நே வின்தான் என்பதால், இந்த இடமாற்றத்தைப் படைத்துறைச் செய்தி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

கச்சின் அதிகாரி நா செங்கின் கதை வேறு விதம். கம்யூனிஸ்டுகளை எதிர்த்துப் போரிட்ட அவர், கரேன்களைத் தாக்கும்படி 1949 பிப்ரவரியில் அனுப்பப்பட்டபோது மறுத்து, கிளர்ச்சியாளரோடு சேர்ந்தார். மார்ச்சில் மாண்டலே அவர்கள் கைக்கு வந்தது. நிலைமை மாறியதும் 1950இல் சீனாவுக்குள் போனார். 1968இல் திரும்பியபோது, முன்பு தாம் வேட்டையாடிய கம்யூனிஸ்டுகளின் படைக்கே தலைவராக வந்தார்.

ஆகவே ஓர் அதிகாரியின் முதல் வீழ்ச்சியோடு கதையை முடித்துவிடாமல், இறப்புவரை தொடர்ந்து செல்லுங்கள். விடுதலைத் தலைவர் ஆங் சானோடு ஜப்பானியரிடம் படைப் பயிற்சி பெற்ற ‘முப்பது தோழர்க’ளில் ஒருவரான ஜோ ஜோ, பர்மாவுக்குள் புகுந்திருந்த சீனத் தேசியவாதக் கட்சியான கோமிந்தாங்கின் படையை எதிர்த்துப் பெயர் பெற்றவர். 1957இல் கம்யூனிஸ்டுகளுக்குத் தகவல் கொடுத்தார் என்ற குற்றச்சாட்டில் நீக்கப்பட்டு, 1976இல் உண்மையிலேயே அவர்களிடம் போய்ச் சேர்ந்து, 2012இல் சீனத்துக் குன்மிங்கில் இறந்தார். நான் மேலே முதலில் சொன்ன தின் ஊவோ சிறை சென்று, 1988இல் ஆங் சான் சூ கீயின் கட்சியான ஜனநாயகத்துக்கான தேசிய லீக்கின் நிறுவனர்களுள் ஒருவரானார்.

அரசு அறிவிப்புகளைப் படிக்கும்போது ‘ஓய்வுபெற அனுமதிக்கப்பட்டார்’ என்ற தொடர் வந்தால் நின்று யோசியுங்கள். பெரும்பாலும் அது பதவிநீக்கத்துக்குப் போர்த்திய சால்வை. ‘துரோகி’ என்ற சொல்லை யார், எந்த ஆண்டில் சொன்னார் என்று குறிக்காமல் எழுத வேண்டாம்.

பெரியவர்களிடம் கேட்கும்போது ஆங்கிலத் தேதியைக் கேட்காதீர்கள், தமிழ் மாதத்தைக் கேளுங்கள். இன்செயின் முற்றுகை தையில் தொடங்கி வைகாசியில் முடிந்தது, 112 நாட்கள். “தை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆச்சு, பட்டறைப் பக்கம் குண்டுச் சத்தம்” என்று ஒரு பாட்டி என்னிடம் சொன்னது, எந்த ஆவணத்தோடும் ஒத்துப்போகிற சாட்சி.

2021 இராணுவப் புரட்சிக்குப் பிந்திய போரைப் பற்றி எழுதுவோர் கூடுதல் எச்சரிக்கையோடு இருக்க வேண்டும். 2024 ஜனவரியில் சீன எல்லையோர நகரமான லாவ்காயில் கிளர்ச்சிப் படையிடம் சரணடைந்த பிரிகேடியர் ஜெனரல்கள் திரும்பி வந்தபின் அவர்களுள் மூவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டதாகச் செய்திகள் வந்தன. படையை விட்டு வெளியேறியவர்களின் உறவினர் நம் தெருக்களிலேயே வசிக்கிறார்கள். செய்தித்தாளில் வெளிவந்த பெயர்களை மட்டும் எழுதுங்கள். வாய்மொழியாகக் கேட்ட பெயர், ஊர், புகைப்படம் எதையும் கைப்பேசியில்கூட வைத்திருக்காதீர்கள்.