போர்ட் எண்ணுக்குப் பெயர் எங்கிருந்து வருகிறது?

வாளையாரில் ஒரு லாரி புக்கிங் ஆபீஸ். லினக்ஸ் கம்ப்யூட்டரில் எந்தெந்த போர்ட் (புரோகிராம்கள் நெட்வொர்க்கில் பேசும் எண்ணிட்ட வாசல்) திறந்திருக்கிறது என்று பார்க்க 'எஸ்எஸ் -டிஎல்' கட்டளை கொடுத்ததும் 'ஐபிபி' என்று ஒரு வரி வந்தது. "அண்ணா, வைரஸா?" என்று பதறினான் அங்கிருந்த தம்பி. இல்லை, அது பிரிண்டருக்கான போர்ட் எண் 631-இன் பெயர். கட்டளையில் கடைசியாக ஒரு 'என்' சேர்த்தால் எண்ணாகவே காட்டும்.

இந்தப் பெயர்கள் 'இடிசி' ஃபோல்டருக்குள் 'சர்வீசஸ்' என்ற சாதாரண டெக்ஸ்ட் ஃபைலில் இருக்கின்றன: எஸ்எஸ்எச் (தூரத்திலிருந்து லாகின் செய்ய) 22, எச்டிடிபிஎஸ் (பாதுகாப்பான வெப்சைட்டுக்கு) 443 என்று வரிவரியாக. ஒரு எண்ணை மட்டும் தேட 'கெட்என்ட் சர்வீசஸ் 631' போதும்.

ஆனால் அது வெறும் பெயர்ப் பட்டியல்தான். வரியை அழித்தால் போர்ட் மூடிவிடாது. 443-இல் வேறு புரோகிராமும் உட்கார்ந்திருக்கலாம். உண்மையில் இருக்கும் புரோகிராம் எது என்று பார்க்க, அட்மின் உரிமையோடு 'சுடோ எஸ்எஸ் -டிஎல்என்பி' கொடுங்கள்.