"இப்ப அதெல்லாம் எங்கே?" என்று முடியும் நினைவுகள்

மியான்மரின் யாங்கோனில் எங்கள் பகுதிக் கோயிலில் ஞாயிறுதோறும் பிள்ளைகளுக்குத் தமிழ் வகுப்பு நடக்கும். அது முடிந்ததும் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் மண்டபத்தில் பாய் விரித்து உட்காருவோம். அவரவர் வாழ்க்கையில் நடந்த ஒரு நல்ல விஷயத்தை நினைத்துப் பார்த்துச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். நன்றியோடு வாழப் பழக எனக்குத் தெரிந்த எளிய வழி இது. 2008-ல் எங்கள் ஊரைத் தாக்கிய நர்கிஸ் புயலுக்கு மறு வருடம் தனியாக ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தேன், இன்னும் விடவில்லை.

போன வாரம் புதிதாக ஒரு பெண் வந்திருந்தாள். "சின்ன வயசில் அம்மாச்சி கையைப் பிடிச்சுக்கிட்டுத் தைப்பூசத்துக்குப் போவேன். இப்ப அதெல்லாம் எங்கே?" என்றாள். மண்டபமே பெருமூச்சு விட்டது. எனக்குச் சுருக்கென்றது. அவள் சொன்ன இரண்டாவது வாக்கியத்தை நான் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தவள்.

இந்தப் பழக்கத்தில் நாம் செய்யும் தவறுகளைத்தான் இங்கே சொல்கிறேன். எழுத மறப்பது, நாலு நாளில் விட்டுவிடுவது, இதெல்லாம் தானாகச் சரியாகும். அதனால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

நினைவைத் தராசாக்குவது

என் அம்மா வைக்கும் மொஹிங்காவைப் பற்றி (மீன் குழம்பு ஊற்றிச் சாப்பிடும் பர்மிய அரிசி நூடுல்ஸ்) நோட்டில் எத்தனை பக்கம் எழுதியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. மீன் குழம்பின் பதம், அதில் கிடக்கும் வாழைத்தண்டு, மேலே நொறுக்கிப் போடும் பருப்பு வடை. எழுதி முடித்தால் மனம் நிறைய வேண்டும் அல்லவா? எனக்கோ வெறுமைதான் மிஞ்சியது. காரணம், ஒவ்வொரு முறையும் "அந்தக் கை இனி வராது" என்றுதான் முடித்திருந்தேன்.

நோட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. சாப்பாட்டு நேரத்திலும் அதே பேச்சு. மருமகள் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் எழுந்து மொஹிங்கா வைப்பாள். நான் ஒரு வாய் வைத்துவிட்டு, "அம்மா வைத்தால் தண்டு வெந்தும் வேகாமலும் இருக்கும்" என்பேன். அம்மாவுக்கு நன்றி சொல்வதாகவே மனதார நம்பினேன். மருமகள் காதில் அது குறையாக விழுந்தது, வேறெப்படி விழும்? ஒரு நாள் பிளாஸ்டிக் பையில் தெருமுனைக் கடை மொஹிங்கா வந்தது. "இனிமே கடையிலேயே வாங்கிக்கலாம் அத்தை" என்றாள். அப்புறம் மூன்று வருடம் எங்கள் வீட்டில் யாரும் மொஹிங்கா வைக்கவில்லை. அதற்குப் பிறகு அவளும் மகனும் வேலைக்காகத் தாய்லாந்து போய்விட்டார்கள்.

இது ஏன் நடக்கிறது என்று பின்னால்தான் படித்தேன். பிரிட்ஸ் ஸ்ட்ராக், நார்பர்ட் ஷ்வார்ஸ் முதலிய ஜெர்மன் உளவியலாளர்கள் 1985-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. பழைய நல்ல நிகழ்ச்சியைக் கண்முன் நடப்பதுபோல விவரமாக நினைத்தவர்களுக்கு அதன் சந்தோஷம் இன்றைய மனநிலைக்கும் ஒட்டிக்கொண்டது. மேலோட்டமாக, தலைப்பு மட்டும் நினைத்தவர்களுக்கோ அந்த நல்லதே அளவுகோலாகி, இன்றைய வாழ்க்கை அதன் பக்கத்தில் மங்கித் தெரிந்தது. நினைவு ஒன்றேதான், நினைக்கிற விதம்தான் அதை வெளிச்சமாகவோ தராசாகவோ ஆக்குகிறது.

பர்மாத் தமிழர்களான எங்கள் சனங்களுக்கு இந்தத் தவறு எளிதில் வரும். 1964-ல் கடைகள் அரசுடைமை ஆகி, எத்தனையோ குடும்பங்கள் சென்னைக்குக் கப்பல் ஏறின. மிஞ்சியவர்கள் வீட்டில் எந்தக் கதையைத் தொடங்கினாலும் இந்தியர் கடைகள் இருந்த மொகல் தெருவில் ஆரம்பித்துத் துறைமுகத்தில் போய் முடியும். இழப்பைப் பேசக் கூடாது என்று நான் சொல்லவே மாட்டேன். அதற்கு ஒரு தனிப் பொழுது கொடுங்கள். நன்றிக்கு உட்காரும் பத்து நிமிடத்தில் அதைக் கலக்காதீர்கள்.

சரி, எப்படி மாற்றுவது? "அந்தக் காலம்" என்று முழுசாக அள்ளாமல் ஒரே ஒரு கணத்தை எடுங்கள். நான் அம்மாவின் ஆள்காட்டி விரலை எடுத்தேன். தண்டை வட்டமாக நறுக்க நறுக்க நார் நூலாக இழுபடும். அம்மா அதை விரலில் சுற்றிக்கொண்டே போவாள். கடைசியில் வெள்ளை மோதிரம் போல ஒரு சுருள் சேரும். அதைக் கழற்றி என் விரலில் மாட்டிவிடுவாள், ஈரமாக, சில்லென்று இருக்கும். அதை நினைத்துக்கொண்டிருந்த ஒரு காலையில்தான், மருமகளும் இதேபோல விரலில் நார் சுற்றி நறுக்குவாள் என்பது நினைவுக்கு வந்தது. எதிரே உட்கார்ந்து எத்தனையோ ஞாயிறு பார்த்திருக்கிறேன். பார்த்ததாகவே மனதில் பதியவில்லை. அன்றைக்கே போன் செய்து அவளிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "எங்கம்மா சொல்லிக் கொடுத்தது அத்தை" என்றாள்.

அம்மாச்சி கதை சொன்ன பெண்ணையும் திரும்பச் சொல்ல வைத்தேன், "இப்ப" என்ற சொல்லே வரக் கூடாது என்று. வெயிலில் தார் ரோடு சுட்டதாம். அம்மாச்சி முந்தானையை நனைத்து உள்ளங்காலைத் துடைத்துவிட்டாளாம். இந்த முறை யாரும் பெருமூச்சு விடவில்லை.

ஆள் இல்லாத நினைவு

யாங்கோனைச் சுற்றி ஓடும் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனது இனிமையான நினைவுதான். ஆனால் நன்றி யாருக்கு? ஜன்னலோரத்தை விட்டுக்கொடுத்த அண்ணனை உள்ளே கொண்டுவாருங்கள். பழந்தமிழில் செய்ந்நன்றி என்றாலே ஒருவர் செய்த நன்மை என்றுதான் பொருள். செய்தவர் இல்லாமல் அது வெறும் இன்பம்.

போனில் படத்தைப் புரட்டுவது

கண்ணை மூடுங்கள். அமெரிக்க உளவியலாளர் பிரெட் பிரையன்ட் முதலியவர்கள் 2005-ல் வெளியிட்ட ஆய்வில், நினைவுப்பொருளை வைத்து நினைத்தவர்களைவிட மனக்கண்ணில் பார்த்தவர்களுக்கே மகிழ்ச்சி கூடுதலாக ஏறியது.

ஏன், எதற்கு என்று குடைவது

வேண்டாம். திரும்ப ஓட்டிப் பாருங்கள், போதும்.

துக்க வீட்டில் நல்ல நினைவைக் கேட்பது

கேட்காதீர்கள்.

அது கிடைத்தே தீரும் என்று நினைப்பது

நல்லது நடந்ததை நினைக்கிறோம், நடக்காமல் போயிருக்கலாம் என்பதை நினைப்பதில்லை. மின்கியுங் கூ, திமோதி வில்சன் முதலிய உளவியலாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், நல்ல நிகழ்ச்சி நடக்காமலே போயிருந்தால் என்று யோசித்தவர்களுக்கு மனம் அதிகம் நிறைந்தது. அதே 2008 மே மாதம்தான் நர்கிஸ் எங்கள் தெரு மரங்களைச் சாய்த்துப் போட்டது. கரண்ட் இல்லை, மோட்டார் ஓடாது, தண்ணீர் இல்லை. எதிர் வீட்டுப் பர்மிய அம்மா வீட்டில் கைப்பம்பு இருந்தது. தினமும் காலையில் இரண்டு வாளி நிரப்பி எங்கள் வாசலில் வைத்துவிடுவார். அவர் அதற்கு முந்தின வருடம்தான் அந்த வீட்டுக்குக் குடிவந்தார். வேறு தெருவில் வீடு பார்த்திருந்தால்? இப்படி யோசித்த அன்று எனக்கு உட்கார முடியவில்லை.

எழுதி மூடி வைப்பது

அந்த வாளிகளைப் பற்றிப் பல வருடம் எழுதினேன், அவரிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை. போன நவராத்திரிக்குச் சுண்டல் கொண்டுபோய்க் கொடுத்து, உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். அவருக்கு வாளி ஞாபகமே இல்லை. "உங்க வீட்டுக்காரர் எங்க கேட்டுக்குக் குறுக்கே விழுந்த மரத்தை ரெண்டு நாள் உட்கார்ந்து வெட்டினாரே, அதைத்தான் நான் அடிக்கடி நினைச்சுக்குவேன்" என்றார். அது என் நோட்டில் எங்கேயும் இல்லை. அன்று ராத்திரி எழுதினேன்.