தண்டுவடத் தூண்டி: சோதனை வாரத்தை வீணாக்காதீர்கள்

முதுகில் ஆபரேஷன் செய்த பிறகும் என் வீட்டுக்காரருக்கு இடுப்பிலிருந்து கால்வரை இழுக்கும் நரம்புவலி போகவில்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில் நாங்கள் பார்த்த வலி மருத்துவர், தண்டுவடத் தூண்டி வைத்துப் பார்க்கலாம் என்றார். தண்டுவட உறைக்கு வெளியே மெல்லிய கம்பிகளை வைத்து, சிறு மின்துடிப்புகளால் வலி உணர்வை மட்டுப்படுத்தும் கருவி அது. 1967இலிருந்து இருக்கும் சிகிச்சைதான். எலும்பையோ டிஸ்க்கையோ அது சரிசெய்யாது, வலியை மட்டும்தான் குறைக்கும்.

நிரந்தரமாக வைப்பதற்கு முன் ஏறக்குறைய ஒரு வாரம் சோதனை. கம்பி ஊசி வழியாக உள்ளே போகும், பேட்டரி வெளியே பெல்ட்டில் இருக்கும். வலி பாதியாவது குறைந்தால்தான் பொதுவாக அடுத்த கட்டம். அதனால் அந்த வாரம் முழுக்கப் படுத்தே கிடக்காதீர்கள். படுத்தால் பலருக்கு வலி தானாகவே குறையும், கருவி உதவியதா என்று அப்புறம் எப்படித் தெரியும்?

எதைச் செய்யும்போது வலி வந்து தடுக்கிறதோ அதையே செய்து பாருங்கள். இவர் எங்கள் சாட்ஸ்வொர்த் வீட்டுப் படிகளில் ஏறி இறங்கினார், எங்கள் ஊர்ச் சந்தையான பங்களாதேஷ் மார்க்கெட்டை மெதுவாக ஒரு சுற்றுச் சுற்றினார். காய்கறிப் பை என் கையில். ஏனென்றால் குனிவது, உடம்பைத் திருப்புவது, கையைத் தலைக்கு மேல் தூக்குவது, கனம் சுமப்பது எல்லாம் கம்பியை நகர்த்திவிடும். கட்டு நனையக் கூடாது, ஈரத்துணியால் துடைத்துக்கொண்டால் போதும். கார் ஓட்ட வேண்டாம்.

ஒரு நோட்டு வையுங்கள். காலை, மதியம், இரவு: வலி பத்துக்கு எவ்வளவு, எவ்வளவு நேரம் உட்கார முடிந்தது, நடக்க முடிந்தது, தூக்கம் எப்படி, என்ன மாத்திரை. முதுகுவலியையும் கால்வலியையும் தனித்தனியாக எழுதுங்கள், கால் நரம்புவலிக்குத்தான் இது பெரும்பாலும் நன்றாகக் கேட்கும். கூட இருப்பவரும் தனியாக எழுதட்டும். இவர் “பரவாயில்லை” என்று மட்டும் எழுதிய நாளில், இரவு ஒருமுறைகூட எழுந்திருக்கவில்லை என்று நான் எழுதியிருந்தேன். மருத்துவர் அதைத்தான் துருவித் துருவிக் கேட்டார். டாக்டரைக் கேட்காமல் மாத்திரையைக் கூட்டவோ குறைக்கவோ வேண்டாம்.

சில கருவிகளில் குறுகுறுப்பு தெரியும். மல்லாந்து படுத்தால் தண்டுவடம் கம்பிக்கு நெருங்கி வரும், குறுகுறுப்பு கூடும். ரிமோட்டில் குறைத்துக்கொள்ளலாம். காய்ச்சல், சீழ், திடீரென்று கால் பலவீனம், சிறுநீர் வராமல் போவது அல்லது அடக்க முடியாமல் போவது இதில் எது வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்காதீர்கள், உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

மெடிக்கல் எய்டிடம் (இங்குள்ள மருத்துவக் காப்பீடு) சோதனைக்கும் நிரந்தரக் கருவிக்கும் முன் அனுமதி, உச்சவரம்பு, நம் கைக்காசு எவ்வளவு என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

தைப்பூசத்துக்குக் காவடி நேர்ந்திருந்தால் அந்தத் தேதியை மருத்துவரிடம் முன்னாலேயே சொல்லுங்கள். நிரந்தரக் கம்பி பிடித்துக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். அதுவரை காவடியை வீட்டில் வேறொருவர் எடுக்கட்டும்.